ஏசி ஃபில்டருக்கு எவ்வளவு காசு செலவழிக்க வேணும்? நிலாவெளி அக்வாக்காரருக்கு ஒரு பதில்

நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். 2014 டொயோட்டா அக்வா, நிலாவெளியிலருந்து டவுனுக்கு ஒவ்வொரு நாளும் ஓட்டம், ஏசியில காத்து நல்லாக் குறைஞ்சு போச்சு, கேபின் ஃபில்டர் மாத்தச் சொல்லிட்டாங்க, ஒரிஜினல் விலையக் கேட்டு யோசிக்கிறீங்க, திருகோணமலையில மலிவா எங்க எடுக்கலாம், கழுவிப் போட ஏலுமா, இல்லாட்டி அதைக் கழட்டி வச்சிட்டே ஓடினா என்ன, வீட்டில பிள்ளைக்கு வேற முட்டு வருத்தம். மேலால பார்த்தா கடை எங்க எண்டு கேக்கிற மாதிரி இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள நீங்க பயப்பிடுறது மலிவா ஒண்டப் போட்டா பிள்ளைக்கோ காருக்கோ ஏதும் பிழை வருமோ எண்டுதான், அதுக்குத்தான் நான் பதில் சொல்ல வாறன். நான் இங்க டவுனுக்குள்ள கார் ஏசி வேலை செய்யத் தொடங்கி 19 வருசம், இந்த ஃபில்டர் எத்தினை கழட்டிப் பூட்டியிருப்பன் எண்டு எண்ணினது கிடையாது.

முதல்ல காசு செலவழிக்காம ஒரு டெஸ்ட். காரை ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போட்டு ஃபேன ஆகக் கூட ஸ்பீட்ல வச்சு நடு வென்ட்ல கையப் பிடிச்சுப் பாருங்க. பிறகு நிப்பாட்டி, அந்த ஃபில்டர வெளிய எடுத்துட்டு (எப்பிடி எடுக்கிறது எண்டு கீழ சொல்லியிருக்கிறன்) மூடியத் திரும்பப் போட்டு, அதே ஸ்பீட்ல ரெண்டு நிமிசம் ஓட விடுங்க. காத்து டக்கெண்டு கூடினா பிரச்சினை ஃபில்டர்தான், வேற ஒண்டுக்கும் காசு குடுக்கத் தேவையில்ல. கூடாம அப்பிடியே கிடந்தா காத்தத் தள்ளுற ப்ளோவரோ அதைக் குளிராக்கிற கூலிங் கொயிலோ அடைச்சுக் கிடக்கு, ஃபில்டர் மாத்தி வேலையில்ல. காத்து நல்லா வருது ஆனா குளிர் இல்ல எண்டா அது காஸ், கம்பிரசர், முன்னுக்கு இருக்கிற கண்டென்சர் பக்கம் போற கதை. இந்த மூண்டையும் பிரிச்சுப் பார்க்காம "ஏசி வேலை செய்யுதில்ல" எண்டு வந்து நிக்கிற ஆக்கள்தான் கூட, அதில கொஞ்சப் பேர் காஸ் அடிச்சு காசக் குடுத்துட்டு அடுத்த கிழமை அதே குறையோட திரும்பி வருவாங்க.

கடையில கேக்கேக்க ஒரு விசயம் கவனம். எஞ்சினுக்குப் போற காத்த வடிக்கிறது எயார் ஃபில்டர், அது பொனட்டுக்குள்ள. உங்களுக்கு வேண்டியது உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் சுவாசிக்கிற காத்த வடிக்கிறது, இங்க எல்லாக் கடையிலயும் அதை ஏசி ஃபில்டர் எண்டுதான் சொல்றது. கேபின் ஃபில்டர் எண்டு கேட்டாலும் விளங்கும், ஆனா வெறும் "எயார் ஃபில்டர்" எண்டு கேட்டா எஞ்சின்ட சாமானக் கட்டித் தந்துடுவாங்க. அக்வாவில அது இடப்பக்கம் இருக்கிற குளோவ் பொக்ஸுக்குப் பின்னால ஒரு நீட்டு மூடிக்குள்ள படுத்துக் கிடக்கும். வைப்பருக்குக் கீழ இருக்கிற கிறில்லால வெளிக்காத்து உள்ள வந்து, இந்த ஃபில்டரால இறங்கி, ப்ளோவருக்குப் போய், அங்கயிருந்து கூலிங் கொயிலுக்குப் போகும். உள் காத்தச் சுத்த விடுற பட்டன அமத்தினாலும் கன கார்கள்ல இந்த ஃபில்டரால வந்துதான் போகும்.

அந்த வழிய விளங்கிக் கொண்டா கழட்டி வச்சிட்டு ஓடலாமா எண்ட கேள்விக்குப் பதில் தன்னால வரும். கூலிங் கொயில் எண்டது நெருக்கமான மெல்லிய அலுமினியத் தகடுகள், ஏசி ஓடேக்க எந்த நேரமும் ஈரமா இருக்கும். ஃபில்டர் இல்லாட்டி நிலாவெளி ரோட்டுப் புழுதியும் மணலும் நேர போய் அந்த ஈரத்தில ஒட்டி, காலம் போகப் போக கம்பளி மாதிரி ஒரு படை கட்டிடும், அதில பூஞ்சணமும் வரும். ஃபில்டர் எண்டா நீங்களே 5 நிமிசத்தில மாத்தலாம், கொயில் அடைச்சா கன கார்கள்ல டாஷ்போர்ட் இறக்க வேண்டி வரும், அந்தக் கூலிக்கு எத்தினை வருசத்துக்கு ஃபில்டர் வாங்கலாம் எண்டு நீங்களே யோசிங்க. அக்வாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, இதைக் கன பேர் யோசிக்கிறதில்ல. ஹைபிரிட் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழ இருக்கு, அதைக் குளிராக்கிற ஃபேன் காத்த இழுக்கிறது காருக்கு உள்ள இருந்துதான். உள்ளுக்கு வாற புழுதியில ஒரு பங்கு அந்தப் பக்கமும் போகும். பின் சீட்டடியில இருக்கிற அந்த வென்ட்டுக்கு முன்னால பையோ பாயோ வச்சு மூடி விடாதீங்க, ஃபில்டர் மாத்திற நாளில அதையும் வெக்கியூம் பிடிச்சு விடுங்க.

இனி காசு விசயம். என்ட அனுபவத்தில ஒரு ஃபில்டர் நல்லா வேலை செய்யுதா எண்டத முதல்ல தீர்மானிக்கிறது அது அந்தப் பெட்டிக்குள்ள இறுக்கமா இருக்குதா எண்டதுதான், பிராண்ட் பேரெல்லாம் அதுக்குப் பிறகு. காத்து எப்பவும் லேசான வழியத் தேடும். ஓரத்தில ஒரு விரல் இடைவெளி இருந்தா கனக்கக் காத்து அதாலயே போயிடும், நடுவில நீங்க எவ்வளவு விலைகூடின துணி வச்சாலும் பிரயோசனமில்ல. சில வருசத்துக்கு முதல் ஹயருக்கு ஓடுற வேன் ஒண்டு வந்தது, வருசா வருசம் ஃபில்டர் மாத்தினவர், ஆனா கடையில கிட்டத்தட்ட அளவு எண்டு குடுத்தத அப்பிடியே போட்டிருக்கிறார். அகலத்தில சின்ன வித்தியாசம்தான். கழட்டிப் பார்த்தா ஃபில்டர் வெள்ளையா கிடக்கு, கொயில் மண்நிறமா அடைச்சுக் கிடக்கு. அண்டைக்கு அவர்ட முகத்தைப் பார்த்ததுக்குப் பிறகு ஒருத்தருக்கும் அளக்காம நான் ஃபில்டர் பூட்டினதில்ல. அதால மலிவா வாங்குங்க, ஆனா அளவில விட்டுக் குடுக்க வேணாம்.

அளவைச் சரியா எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பழசக் கழட்டி அடிமட்டம் வச்சு நீளம், அகலம், தடிப்பு மூண்டையும் மில்லிமீட்டர்ல எழுதிக் கொண்டு போறது. மற்றது பார்ட் நம்பர். டொயோட்டாவுக்கு ஏசி ஃபில்டர் நம்பர் 87139 எண்டு தொடங்கும், ஹொண்டாவுக்கு 80292. பழசின்ட விளிம்பில நம்பர் அச்சடிச்சிருந்தா போன்ல படம் எடுத்து வையுங்க. உங்களுக்கு நல்ல விசயம் என்னண்டா அக்வாவுக்குப் போற அளவு கன டொயோட்டாக்களுக்குப் பொதுவான ஒண்டு, கிட்டத்தட்ட 215க்கு 195, தடிப்பு 30 மில்லிமீட்டருக்குக் கிட்ட. பிரியஸ், விட்ஸ், அக்ஸியோவில கன மொடலுக்கு இதுதான். இந்தளவு ஓடுற சைஸ் எண்டபடியா கொப்பி செய்யிற கொம்பனிகளும் கன, போட்டியும் கன, அதால விலையும் இறங்கித்தான் இருக்கும். எண்டாலும் நான் சொன்னதை நம்பி வாங்காம பழசோட ஒத்துப் பாருங்க, ஏனெண்டா உங்களுக்கு முதல் இருந்தவர் என்னத்தப் போட்டிருக்கிறார் எண்டதும் அப்பத்தான் தெரியும். ஜப்பானில பூட்டின அதே ஃபில்டர் இங்க வந்து நாலஞ்சு வருசமா ஒருத்தரும் தொடாம, விளிம்பில ஜப்பான் எழுத்தோட, வேப்பிலைச் சருகெல்லாம் சேர்ந்து கறுப்பாகி வெளிய வந்ததை நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன்.

கடையில மூண்டு வகை காட்டுவாங்க. வெள்ளைத் துணி மாதிரி சாதாரணம், சாம்பல் கறுப்பா கார்பன், பிறகு பெரிய எழுத்தில ஹெப்பா எண்டோ பிஎம் 2.5 (ஆக நுணுக்கமான தூசு) எண்டோ போட்ட விலைகூடின ஒண்டு. சாதாரணம் புழுதியப் பிடிக்கும், அதில சந்தேகமில்ல. உண்மையான கார்பன் புழுதியோட சேர்த்து டீசல் மணம், குப்பை எரிக்கிற மணம் இதுகளையும் குறைக்கும், அந்தக் கார்பன் நிறைஞ்சு போனா மணத்தை நிப்பாட்டுறது நிண்டு போகும், புழுதி பிடிக்கிறது தொடரும். ஆனா கறுப்பா இருக்கிறதெல்லாம் கார்பன் கிடையாது, நிறம் மட்டும் போட்ட துணியும் வருது. மடிப்பை லேசா விரிச்சு விரலால நசிச்சுப் பாருங்க, ரெண்டு படைக்கு நடுவில நுணுக்கமான குறுணி தட்டுப்பட்டா கார்பன் இருக்கு, ஒண்டும் தட்டுப்படாம கடதாசி மாதிரி இருந்தா அந்தக் கூட விலை தேவையில்ல. இதுவும் கையால பார்க்கிற கணக்குத்தான், எவ்வளவு கார்பன், என்ன தரம் எண்டு லாபில பாராம ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. ஹெப்பா எண்ட சொல்லை நான் அப்பிடியே நம்பிறதில்ல. 0.3 மைக்ரோன் துகள்ல நூத்துக்கு 99.97 பிடிக்கிறதுக்குத்தான் அந்தப் பேர், அவ்வளவு நெருக்கமான துணியால காத்தத் தள்ள சின்னக் கார்ட ப்ளோவருக்குக் கஷ்டம். நல்ல ஃபில்டர்களும் அந்தப் பேரில வரக்கூடும், பொக்ஸ்ல இருக்கிற எழுத்துக்காக மட்டும் காசு குடுக்காதீங்க எண்டுதான் சொல்றன். கேபின் ஃபில்டரச் சோதிக்கிறதுக்கெண்டே ஐஎஸ்ஓ 11155 எண்டு ஒரு முறை இருக்கு, அந்த நம்பர் பொக்ஸ்ல இருந்தா நல்லது, ஆனா அதையும் ஆரும் அச்சடிக்கலாம் எண்டத மறக்க வேணாம். நான் கடையில பார்க்கிறது வேற: மடிப்பு எத்தினை இருக்கு, மடிப்பெல்லாம் ஒரே இடைவெளியா நேரா நிக்குதா, விளிம்பு துணியோட முழுக்க ஒட்டியிருக்கா, வெளிச்சத்துக்குப் பிடிச்சா ஓட்டை தெரியுதா. ஒரே அளவில மடிப்புக் கூடினது கூடக் காலம் ஓடும், ஏனெண்டா புழுதி பிடிக்கிற பரப்பு கூட.

எங்க வாங்கிறது எண்டா, முதல்ல இங்க டவுனுக்குள்ள ஒரு கடையில மட்டும் கேட்டுட்டு நிக்காம மூண்டு கடையில கேளுங்க, ஒரே கொப்பிக்கு ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு விலை. பழசைக் கையில கொண்டு போய்க் காட்டினா விலை பேசவும் லேசு, பிழைச் சாமான் வாங்காமலும் வரலாம். கொழும்புக்கு ஆரும் போனா பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில வாங்குவிக்கலாம், அங்க இந்த சைஸ் குவிஞ்சு கிடக்கும், ஆனா ஒரு ஃபில்டருக்காக 260 கிலோமீட்டர் நீங்க போக வேணாம், போற ஆளிட்டச் சொல்லி விடுங்க, இல்லாட்டி பஸ்ல பார்சல் போடச் சொல்லுங்க. ஒன்லைன்ல, தராஸ் மாதிரி இடத்தில வாங்கிறதும் பிழையில்ல, ஆனா "அக்வாவுக்குச் சரி" எண்டு எழுதியிருக்கிறத மட்டும் பார்த்து வாங்காம மில்லிமீட்டர் அளவு போட்டிருக்கிறதையே எடுங்க, அளவு இல்லாட்டி கேட்டு எழுத்தில எடுங்க, அப்பத்தான் பிழையா வந்தா திருப்பி அனுப்பவும் ஏலும். நான் என்ட வாடிக்கையாளருக்குச் சொல்றது இன்னொண்டு, ரோட்டில, வேலையிடத்தில இதே சைஸ் போற நாலு கார்க்காரரைப் பிடிச்சு பத்துப் பன்னிரண்டா ஒண்டா வாங்குங்க. சில்லறை விலைக்கும் அதுக்கும் நல்ல வித்தியாசம் வரும், கெட்டுப் போற சாமானும் கிடையாது, பொலித்தீன் பிரிக்காம ஈரம் படாத இடத்தில வச்சாக் காணும்.

டொயோட்டா பொக்ஸ், டென்சோ, மான், பொஷ் எண்ட பிராண்டுகள் நல்ல சாமான், காசு இருந்தா போடுங்க. ஆனா அந்தப் பொக்ஸுகளிலயும் கொப்பி வருது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியிலதான், அதுக்குள்ள 2022ல ரூவாவும் விழுந்தது. இருக்கிற காரையே எல்லாரும் வச்சு ஓட்ட வேண்டி வந்தபடியா பார்ட்ஸுக்குத் தேவை கூடிச்சு, ஒரிஜினல் விலை எட்டாத உயரத்துக்குப் போச்சு, அந்த இடத்துக்குக் கொப்பி வந்து நிண்டது. ஒரிஜினல் பொக்ஸ் ஆனா கொப்பி விலை எண்டு ஒருத்தர் தந்தா அது கொப்பிதான். அப்பிடியெண்டா பேர் இல்லாத கொப்பியையே கொப்பி விலைக்கு வாங்கலாம், மடிப்பும் விளிம்பும் நல்லா இருந்தாச் சரி. எஞ்சின் ஒயில் ஃபில்டர்லயோ பிரேக்லயோ இந்தக் கதைய நான் சொல்லவே மாட்டன், அங்க பிழைச்சா எஞ்சினும் உயிரும். இது துணி மடிப்பு, ஆறு மாதத்தில குப்பைக்குப் போறது. விலைகூடின கார்பன் ஒண்ட வாங்கி மூண்டு வருசம் வச்சிருக்கிறதை விட அளவு சரியான சாதாரணம் ஒண்ட வருசத்தில ரெண்டு தரம் மாத்திறவர்ட கார்ல காத்து நல்லா இருக்கு, இதை நான் கண்ணால பார்த்துக் கொண்டிருக்கிறன்.

கழுவுறது வேணாம். கொரோனா நேரம் மாஸ்க்கில நடுவில ஒரு படை இருந்ததே, அதே மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் நூல்தான் கன ஃபில்டர்லயும் இருக்கு, அதில நிலைமின்சாரம் ஏத்தியிருப்பாங்க, நுணுக்கமான துகளை இழுத்துப் பிடிக்கிறது அதுதான். சோப்புத்தண்ணி பட்டா அந்தச் சக்தி போயிடும், பார்வைக்குச் சுத்தமா இருக்கும், பிடிக்கிறது குறைஞ்சிருக்கும். விளிம்பும் தண்ணியில ஊறினா வளைஞ்சு இடைவெளி விடும், ஈரம் காயாமப் பூட்டினா மணம் தொடங்கும். கம்பிரசர் காத்த நெருக்கிப் பிடிச்சு அடிக்கிறதும் துணியக் கிழிக்கும், கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியவும் மாட்டுது. காசு இல்லாத மாதம் எண்டா வெளிய கொண்டு போய் அழுக்குப் பக்கத்தைக் கீழ பிடிச்சு மெதுவாத் தட்டி, சருகப் பொறுக்கி, லேசா வெக்கியூம் பிடிச்சுத் திரும்பப் போடலாம், ஒரு மாதம் ரெண்டு மாதத்துக்குச் சமாளிக்கும். சிலர் ஸ்பொஞ்ச், பழைய துணியெல்லாம் வெட்டி வைக்கிறாங்க, அது உறிஞ்சுப்பட்டு ப்ளோவருக்குள்ள போய்ச் சுத்தினதை நான் வெட்டி எடுத்திருக்கிறன், தயவு செஞ்சு செய்யாதீங்க.

பூட்டுறதுக்கு கராஜ் தேவையில்ல, அந்தக் கூலியும் மிச்சம். குளோவ் பொக்ஸில இருக்கிறத வெளிய எடுங்க, பக்கத்தில இருக்கிற சின்னக் கம்பிய மெதுவாக் கழட்டுங்க, ரெண்டு பக்கச் சுவரையும் உள்ளுக்கு அமத்தினா பொக்ஸ் கீழ இறங்கும், பின்னால நீட்டு மூடி, கிளிப்ப அமத்தி இழுத்தா ஃபில்டர் தட்டு வெளிய வரும். பழையது எந்தப் பக்கம் மேல இருந்தது எண்டு படம் எடுத்துட்டு இழுங்க, குப்பை உள்ள கொட்டாமல் மட்டமா இழுங்க. புதுசில அம்புக்குறி இருக்கும், இதிலதான் கன பேர் குழம்பிறது. "அப்" எண்டு எழுதின அம்பு எண்டா அந்தப் பக்கம் மேல நோக்க வேணும். "எயார் ஃப்ளோ" எண்டு எழுதின அம்பு எண்டா அது காத்து போற திசை, உங்கட கார்ல காத்து மேலயிருந்து கீழ போறபடியா அந்த அம்பு கீழ பார்க்க வேணும். ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சா தலைகீழாப் போயிடும். மூடி "கிளிக்" எண்டு விழாட்டி ஃபில்டர் சரியா உக்காரல்ல, இடிச்சுத் தள்ளாம திரும்ப எடுத்துப் பாருங்க.

எப்ப மாத்திறது எண்டதுக்கு வருசத்துக்கு ஒருக்கா, அல்லது 15,000 கிலோமீட்டருக்குக் கிட்ட எண்டு பொதுவாச் சொல்லுவாங்க, புழுதி கூடின இடத்தில அதுக்கு முந்தி. எங்கட இடத்துக்கு நான் ஊர்க் காலத்தைப் பார்த்துச் சொல்லுவன். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில ரோட்டுப் புழுதி முழுக்க உள்ள வரும், அது முடிஞ்சு மழை தொடங்க முதல், செப்டம்பர் கடைசியில ஒருக்கா மாத்துங்க. ஏனெண்டா மாரியில கண்ணாடி பனிச்சு மறைக்கேக்க அதைக் காய வைக்கிறதுக்குக் காத்து நல்லா வர வேணும், அடைச்ச ஃபில்டரோட இரவு மழையில ஓடுறது ஆபத்து. பிறகு மழை முடிஞ்சு மார்ச் பக்கம் ஒருக்கா, ஈரத்தில ஊறின சருகும் பூஞ்சணமும் அதோட போகும். வேம்புக்குக் கீழ நிப்பாட்டுறீங்க எண்டா மாதத்துக்கு ஒருக்கா வைப்பரடிச் சருகையும் பொறுக்குங்க, எலி அந்த வழியாலதான் உள்ள வந்து கூடு கட்டுறது.

பிள்ளையின்ட முட்டு வருத்தத்துக்கு இது மருந்தெண்டு நான் சொல்ல மாட்டன், எனக்குத் தெரிஞ்சது காத்து வாற வழி மட்டும், மிச்சம் உங்கட டொக்டர்தான் சொல்ல வேணும். ஆனா பிள்ளை இருக்கிற கார் எண்டா கழட்டி வச்சிட்டு ஓடுற யோசனைய இண்டைக்கே விடுங்க, ஏலுமெண்டா உண்மையான கார்பன் ஒண்டப் போடுங்க, உங்கட செலவில அந்த ஒரு இடத்தில கொஞ்சம் கூடக் குடுக்கலாம். கிரவல் டிப்பருக்குப் பின்னால மாட்டுப்பட்டா, தம்பலகாமம் பக்கம் வைக்கோல் எரிக்கிற புகைக்குள்ள போக வேண்டி வந்தா, உள் காத்து பட்டன அமத்துங்க, தாண்டினதும் எடுத்து விடுங்க. நாள் முழுக்க அதிலயே விட்டா உள்ளுக்கு இருக்கிற ஆக்கள்ட மூச்சே திரும்பத் திரும்பச் சுத்தி ஓட்டுறவருக்கு நித்திரை தூங்கும். புது ஃபில்டர் போட்டும் ஏசி போட்ட உடன ஈரத்துணி மணம் வந்தா அது கொயில்லயும் தண்ணி போற பைப்பிலயும் இருக்கிற குறை, அப்ப மணம் வீசுற போத்தல் தொங்க விடாம கொயில் கழுவுற ஆளிட்டக் காட்டுங்க, பிள்ளைக்கு அந்த வாசமும் கூடாமல் இருக்கலாம்.

முதல் அந்த ரெண்டு நிமிச டெஸ்டச் செய்யுங்க. பழசக் கழட்டினாப் பிறகு மூண்டு அளவையும் விளிம்பில இருக்கிற நம்பரையும் இங்க எழுதி விடுங்க, எது பொருந்தும் எண்டு பார்த்துச் சொல்றன். புதுசப் பூட்ட முதல் விளிம்பில பேனையால திகதியும் மீட்டர்ல இருக்கிற கிலோமீட்டரும் எழுதி வையுங்க, அடுத்த தரம் கழட்டேக்க தேவைப்படும்.